பலூனுக்குள் எழுதுகிறவள்

கதை திபோவுடையது, படமும் அவனே.
ஆட்களுக்கு வாய் வைப்பது மட்டும் என் வேலை.
ஷார்லெருவா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில்
முப்பத்தாறு வருடமாக
வெள்ளை பலூன்களுக்குள் எழுத்துகளைக் குடிவைக்கிறேன்.
கத்தினால் கோடு தடிக்கும்.
முணுமுணுத்தால் எழுத்து சிறுத்து, சுற்றிலும் வெற்றிடம்.
சாகப்போகிறவன் பேசினால்
பலூனின் வால் கொஞ்சம் நடுங்க வேண்டும்.

இம்முறை ட்ராம் ஓட்டுகிற ஒருத்தி.
ஒரேல், வயது முப்பத்துநான்கு.
மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார்,
நாடி இல்லை.
கழுத்திலும் இல்லை.
"செத்து எத்தனை நாளாச்சு?" என்று சிரிக்கிறார்.
அடுத்த கட்டத்தில் அவள் ஷூவைக் கழற்றுகிறாள்.
குதிகாலில் துடிக்கிறது,
தண்டவாளம் போடும் தாளத்தில்.
பதினெட்டாம் பக்கம் வருவதற்குள்
தன் ஆட்கள் பூமிக்காரர்கள் இல்லை என்பது
அவளுக்குத் தெரிந்துவிடும்.

முப்பத்தோராம் பக்கம்.
மேல்கம்பியில் பொறி பறக்கிறது,
அவர்கள் முதன்முதலாகப் பேசுகிறார்கள்.
ஓரத்தில் திபோவின் பென்சில்:
வேற்றுக்கிரக மொழி. யாருக்கும் புரியக் கூடாது.
ஆனால் மொழிதான் என்று நம்ப வேண்டும்.

ஒன்பது லிபிகள் செய்து கொடுத்தேன்.
இது நூடுல்ஸ், என்றான்.
இது பூட்டுக்கடை விளம்பரம்.
இது என் மாமியார் கையெழுத்து.
ஒன்பதாவதைப் பார்த்துவிட்டு
எதுவும் சொல்லாமல் காபி போடப் போனான்.

இரவு இரண்டு மணி.
வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.
ஐஸ் பொட்டலத்தை அதன்மேல் கட்டிவிட்டு
பேனாவை இடக்கைக்கு மாற்றினேன்,
சும்மா, மை காயாமல் இருக்கட்டும் என்று.

அது எழுதியது.
நான் இல்லை, அது.
வலமிருந்து இடமாக, எங்கும் நிற்காமல்,
தண்ணீரைக் கண்ட வாத்துபோல்.
கொக்கியும் வளைவுமாக நான்கு வரி
பலூனுக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"இதை எந்தக் கிரகத்தில் வாங்கினாய்?"
என்றான் திபோ காலையில்.
முதல் தடவையாக எனக்கு அவன் கோப்பையில் காபி தந்தான்.

அக்டோபரில் புத்தகம் வந்தது.
ஜனவரியில் தினானிலிருந்து ஒரு கடிதம்,
லூசியன் பிரோத், பத்து வயது:
குளியலறைக் கண்ணாடியில் காட்டிப் படித்தேன்.
நான்கு வரியும் ஒன்றேதான்.
"மையைக் கொட்டியது நான் இல்லை."
சரியா, மேடம்?

வகுப்பறை வந்தது, அதன் சுண்ணாம்பு வாசனையோடு.
ஸ்கிப்பிங் கயிறு.
"நல்ல கைக்குப் பழக வேண்டாமா, ஜோசியான்"
என்று சிஸ்டர் ஓதில்
என் இடக்கையை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினார்,
இறுக்கமாக இல்லை, பொட்டலம் கட்டுவதுபோல் அக்கறையாக.
மைக்கூட்டைத் தட்டிவிட்டது வலக்கைதான்.
புதிது அதற்கு, தூரம் தெரியவில்லை.
பக்கத்துப் பெண்ணின் வெள்ளைக் காலுறை நீலமானது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பின்னால் கட்டப்பட்டிருந்ததை
யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள்.
அதற்குத் தெரிந்துதான் இருந்தது,
ஐம்பத்துநான்கு வருடம்
ரொட்டியைப் பிடித்துக்கொண்டு, காகிதத்தை அழுத்திக்கொண்டு,
கையுறைக்குள் மற்றதைப் போலவே நடந்துகொண்டு.

இரண்டாம் பாகத்துக்கு உட்கார்ந்திருக்கிறான் திபோ.
அந்த ஆட்கள் ஒரேலிடம் என்ன கேட்கிறார்கள்,
திரும்பி வரச் சொல்கிறார்களா,
போருக்கு அழைக்கிறார்களா?
"ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்,
"தாங்கள் செய்யவில்லை என்கிறார்கள்."
"எதை?"
"அதை நீ கண்டுபிடி."
குறித்துக்கொண்டான்.

லூசியனுக்கு 'சரி' என்று எழுத வேண்டும்.
எந்தக் கையால் என்று இன்னும் முடிவாகவில்லை.
கீழே வளைவில் ட்ராம் திரும்புகிறது,
மேசை அதிர்கிறது.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தொட்டுப் பார்க்கிறேன்.

காலுறைதான் ஈரமாக இருக்கிறது.
இன்னொரு காலையும் பார்க்கிறேன்.